லேண்ட்லைன எடுத்தா வர்ற "கொர்ர்ர்" சத்தம்: ஃபைபர் மாத்துனதும் ஏன் வேற மாதிரி கேக்குது?

செம்மண்டலத்தான் (கடலூர்):

வணக்கம் மக்களே, கொஞ்சம் பழைய சமாச்சாரம் கேக்குறேன், தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க. எங்க வீட்ல 1991ல இருந்து லேண்ட்லைன் இருக்கு. அப்பாவுக்கு இப்ப 78 வயசு. காலைல காபி குடிச்சு முடிச்சதும் நேரா போன்கிட்ட போவாரு, ரிசீவர எடுத்து காதுல வச்சு கொஞ்ச நேரம் கேப்பாரு, அப்புறம் "டோன் இருக்கு"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வச்சுட்டு போயிடுவாரு. யாருக்கும் போன் பண்ண மாட்டாரு, சும்மா கேக்குறதோட சரி. முப்பது வருஷமா நடக்குது இது.

போன மாசம் செம்பு ஒயர எடுத்துட்டு ஃபைபர் போட்டுட்டாங்க, அதே போன், அதே நம்பர், ஆனா ஒயர் இப்ப ஒரு வெள்ள பெட்டியில போய் சொருவிருக்கு. மறுநாள் காலைல அப்பா எடுத்து கேட்டாரு, முகம் மாறிடுச்சு. "இது நம்ம டோன் இல்லடா"ன்னாரு. சும்மா பழக்கதோஷம்னு நெனச்சேன், அப்புறம் மஞ்சக்குப்பத்துல என் ஃப்ரெண்டு வீட்ல இன்னும் பழைய செம்பு லைன் இருக்கு, அங்க போய் மொபைல்ல ரெக்கார்ட் பண்ணிட்டு வந்து ரெண்டையும் போட்டு பாத்தா அப்பா சொன்னது நெசம். பழசு கொர்ர்ர்னு உள்ளுக்குள்ள ஒரு அதிர்வோட இருக்கு, புதுசு ஊம்ம்னு வழவழன்னு நேரா போகுது.

எம் பொண்ணு ரெண்டாவது படிக்குறா, அவளும் எடுத்து கேட்டுட்டு "யாருப்பா பேசுறது, நான் இன்னும் நம்பரே போடலையே"ன்னு கேட்டா. பதில் சொல்லத் தெரியல எனக்கு. மொபைல்ல இப்படி எதுவும் வர்றதில்ல, லேண்ட்லைன்ல மட்டும் ஏன் நம்ம எதுவும் பண்றதுக்கு முன்னாடியே ஒரு சத்தம்? அது எங்க இருந்து வருது? எதுக்கு வச்சாங்க? ஊருக்கு ஊர் மாறுமா?


பழைய எம்.டி.எஃப்:

தம்பி, உங்க பொண்ணு கேட்டது தான் சரியான கேள்வி. யாரோ பேசுறாங்க தான். எக்ஸ்சேஞ்ச் பேசுது. "நீ ரிசீவர எடுத்தத பாத்துட்டேன், உனக்குன்னு ஒரு மெஷின ஒதுக்கிட்டேன், இப்ப நம்பர சொல்லு"ன்னு சொல்லுது. அந்த ஒரு வாக்கியம் தான் டயல் டோன். நான் 1976ல டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல சேந்து முப்பது வருஷத்துக்கு மேல எக்ஸ்சேஞ்சுக்குள்ளயே இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முதல்ல ஆட்டோமேட்டிக் இல்லாத காலம். போன எடுத்தா எக்ஸ்சேஞ்ச்ல ஒரு அம்மா இருப்பாங்க, "நம்பர் ப்ளீஸ்"னு கேப்பாங்க, நீங்க சொன்னா ஒயர எடுத்து அந்த லைன்ல சொருவி விடுவாங்க. அப்ப டோன் எதுக்கு, மனுஷக் குரலே இருக்கே. அமெரிக்காவுல ஸ்ட்ரோஜர்னு ஒருத்தரு, பிணம் அடக்கம் பண்ற தொழில் பண்ணவரு, ஆபரேட்டரே இல்லாம கால் போடுற மெஷினுக்கு 1891ல பேட்டண்ட் வாங்குனாரு. தனக்கு வர வேண்டிய கால எல்லாம் ஆபரேட்டரம்மா போட்டிக் கடைக்கு திருப்பி விடுறாங்கன்னு அவருக்கு சந்தேகம், அதுல தான் இறங்குனாருன்னு எங்க ட்ரெய்னிங்லயே சொல்லுவாங்க. அடுத்த வருஷமே லா போர்ட்ங்கிற ஊர்ல அப்படி ஒரு எக்ஸ்சேஞ்ச் வந்துடுச்சு. நம்ம நாட்டுக்கு 1913-14ல சிம்லாவுல 700 லைனோட வந்தது. டயல் டோனுக்கு ஜெர்மனில ஹில்டஸ்ஹைம்ங்கிற ஊர்ல 1908ல ஆரம்பிச்ச எக்ஸ்சேஞ்ச தான் ஆரம்பமா சொல்லுவாங்க.

மெஷின் வந்ததும் ஒரு சிக்கல் வந்தது பாருங்க, அங்க தான் டோன் பொறக்குது. நீங்க சுத்துற நம்பர வாங்கி லைன சேத்து விடுற மெஷினுக்கு செலக்டர்னு பேரு, ஆயிரம் வீட்டுக்கு ஆயிரம் செலக்டர் வைக்க முடியாது, காசு கட்டாது, எல்லாரும் ஒரே நேரத்துல பேசவும் மாட்டாங்க. அதனால கம்மியா வச்சு பொதுவா பங்கு போட்டு விடுவாங்க. நீங்க ரிசீவர எடுக்குறீங்க, கொக்கி மேல வருது, உங்க வீட்டு ரெண்டு ஒயரும் போனுக்குள்ள சேந்து வளையம் மூடுது, எக்ஸ்சேஞ்ச் பேட்டரியோட 48 வோல்ட் அதுல ஓட ஆரம்பிக்குது. அந்த கரண்ட்ல உங்க லைனோட ரிலே, அதான் காந்த சுவிட்ச், "டிக்"குன்னு இழுக்கும். உடனே உங்க லைனோட யூனிசெலக்டர்ங்கிற சுத்துற சுவிட்ச் சும்மா இருக்குற செலக்டர் எதுன்னு தேடி சர்ர்ருன்னு சுத்தும், ஒண்ணு கெடச்சா அதுல நிக்கும். அந்த செலக்டர் தான் உங்களுக்கு டோன திருப்பி அனுப்பும். கெடைக்கலன்னா டோன் வராது, காதுல வச்சுகிட்டு காத்திருக்க வேண்டியது தான். தேர்தல் ரிசல்ட் அன்னிக்கி எல்லாம் எடுத்தா ஒண்ணுமே கேக்காம அஞ்சு பத்து செகண்ட் கழிச்சு டோன் வரும், பாத்திருப்பீங்க. போன் கெட்டுப் போகல, முன்னாடி எடுத்தவங்க விடலன்னு அர்த்தம்.

டோன் வர்றதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு சுத்துனா என்ன ஆகும்? கேக்குறதுக்கு ஆளே இல்லாம முதல் இலக்கம் காத்தோட போயிடும், ராங் நம்பர் விழும். அதனால தான் பழைய டைரக்டரி முன் பக்கத்துல "டயல் டோன் கேட்ட பிறகே சுழற்றவும்"னு இருக்கும்.

டோன் வந்ததும் நீங்க 3 சுத்துனா லைன் மூணு தடவை அறுந்து சேரும், செகண்டுக்கு 10 துடிப்பு வேகத்துல. ஒவ்வொரு அறுப்புக்கும் செலக்டரோட தண்டு ஒரு படி மேல ஏறும், டக் டக் டக். முதல் டக்குலயே டோன் நின்னுடும், கவனிச்சிருப்பீங்க. நைட் ட்யூட்டில ரேக்குக்கு நடுவுல நின்னா ஊர்ல யாரோ ஒருத்தர் போன் எடுக்குறது, அது எந்த வரிசைல நகருதுங்கிறது வரைக்கும் கேக்கும். விடிகாலைல நாலு மணிக்கு ஒரே ஒரு செலக்டர் மட்டும் ஏறுச்சுன்னா யார் வீட்லயோ துக்கம்னு நாங்களே மனசுக்குள்ள நெனச்சுக்குவோம்.

அந்த சத்தம் எங்க இருந்து வருதுன்னு கேட்டீங்க. அப்ப ரிங்கிங் மெஷின்னு ஒண்ணு எக்ஸ்சேஞ்ச்ல ஒரு மூலையில சுத்திகிட்டே இருக்கும், மோட்டாரும் ஜெனரேட்டரும் சேந்தது. மணி அடிக்குற கரண்டும் அது தான் குடுக்கும், டோனும் அதுல இருந்து தான். அதனால வேகம் கொஞ்சம் மாறுனா டோனும் மாறும். ஒரு ஊர் டோன் மாதிரி அடுத்த ஊர் டோன் இருக்காது, எங்களுக்கு காதுல வச்சதும் இது எந்த எக்ஸ்சேஞ்ச்னு தெரியும். மணி அடிக்குற கரண்ட் 75 வோல்ட் கிட்ட. கம்பத்துல ஜாயிண்ட் போடும்போது அந்த நேரம் பாத்து யாராவது அந்த நம்பருக்கு அடிச்சா விரல்ல சுரீர்னு ஏறும், லைன்மேன் எல்லாரும் வாங்கிருப்பாங்க.

உங்க அப்பா காதுல தப்பில்ல தம்பி. முப்பது வருஷம் கேட்டவரு.


ஈ.சி.ஈ. 2009:

ஐயா எழுதுனத படிக்கவே சந்தோஷமா இருக்கு. நான் சத்தத்தோட கணக்க மட்டும் சொல்றேன்.

நம்ம நாட்டு டயல் டோன் 400 ஹெர்ட்ஸ், அத 25 ஹெர்ட்ஸால ஏத்தி இறக்கி விடுவாங்க. அதாவது ஒரு செகண்டுக்கு 25 தடவை சத்தம் கூடி கூடி குறையும். செம்மண்டலத்தான் அண்ணே, நீங்க "உள்ளுக்குள்ள ஒரு அதிர்வு"ன்னு சொன்னீங்களே அது இந்த 25 தான். தவுல் மேல விரல உருட்டுனா வர்ற மாதிரி. அமெரிக்காவுல 350ம் 440ம் ரெண்டையும் சேத்து விடுறாங்க, ஐரோப்பாவுல நெறைய நாட்ல வெறும் 425, பிரான்ஸ்ல 440. உங்க புது பெட்டில நேரா ஊம்னு வருதுன்னா பெட்டிய செஞ்சவன் வச்ச செட்டிங்க அப்படியே விட்டுட்டாங்க, நாட்ட இந்தியான்னு மாத்தல, அவ்ளோதான். பெட்டிக்குள்ள சின்னதா ஒரு சிப் இருக்கு, அது தான் உங்க போனுக்கு எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடிக்குது. 48 வோல்ட் குடுக்குறதும் அது, மணி அடிக்குறதும் அது, டோன் போடுறதும் அது. கஸ்டமர் கேர்ல சொன்னா நாட்டு செட்டிங்க மாத்தி விடுவாங்க, இல்லன்னா சில பெட்டியோட செட்டிங் பேஜ்லயே அந்த ஆப்ஷன் இருக்கும்.

நடுவுல டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் காலம் ஒண்ணு இருக்கு, அது எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். டிஜிட்டல்ல குரல செகண்டுக்கு 8000 தடவை அளந்து ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணா ஆக்குறாங்க. 25 ஹெர்ட்ஸ்ல ஒரு முழு சுத்துன்னா 8000த்த 25ஆல வகுங்க, 320. அந்த 320 எண்ணுக்குள்ள 400 ஹெர்ட்ஸ் சரியா 16 அலை உக்காந்துடும், மிச்சம் மீதி இல்லாம. அப்ப 320 எண்ண மெமரில எழுதி வச்சுட்டு அதையே திரும்பத் திரும்ப ஓட்டுனா போதும், நம்ம ஊரு டயல் டோன் முடிஞ்சது! மோட்டார் வேணாம், எண்ணெய் வேணாம். அதையே ஒரே நேரத்துல எத்தன பேர் எடுத்தாலும் எல்லார் காதுக்கும் காட்டலாம். சி-டாட்ங்கிற நம்ம அரசாங்க டெலிபோன் ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க 1986ல கர்நாடகாவுல கித்தூர்ல வச்ச 128 போர்ட் கிராமத்து எக்ஸ்சேஞ்ச்ல இருந்து நம்ம ஊர்ப்பக்கம் வந்தது வரைக்கும் மோட்டார் சுத்தாம டோன் வந்தது இப்படித்தான்.

இன்னொண்ணு, பட்டன் போன். ஒவ்வொரு பட்டனுக்கும் ரெண்டு சத்தம் சேந்து வரும், 5 அமுத்துனா 770ம் 1336ம். 1963ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது. இருக்குறதுலயே கீழ் சத்தம் 697, அது டயல் டோனுக்கு நல்லா மேல இருக்கு, ஏன்னா முதல் பட்டன அமுத்தும்போது டோன் இன்னும் ஓடிகிட்டு தானே இருக்கும், ரெண்டும் கொழம்பக் கூடாது. நாங்க காலேஜ்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எம்.டி. 8870ன்னு ஒரு ஐ.சி., அதாவது பட்டன் சத்தத்த கேட்டு எந்த நம்பர்னு சொல்ற சிப், வாங்குவோம், மொபைல் பட்டன வச்சு ரோபோ ஓட்டுறதுக்கு, கிளாஸ்ல பாதி பேர் அதே ப்ராஜெக்ட் தான். அந்த ஐ.சி. உள்ளயே 350யும் 440யும் வெட்டுற ஃபில்டர் இருக்கு. டேட்டாஷீட்ல படிச்சப்ப இது எதுக்குன்னு புரியல, ரோபோவுக்கு எதுக்கு டயல் டோன் ஃபில்டர்னு யோசிச்சேன். அது போன் எக்ஸ்சேஞ்சுக்காக பொறந்த ஐ.சி.ன்னு பின்னாடி தான் தெரிஞ்சது.


முத்தியால்பேட்டை அக்கா (புதுச்சேரி):

நான் படிச்சவ இல்லப்பா, ஆனா டோன் பத்தி எனக்கும் தெரியும், எங்க வீட்டுக்காரரும் நானும் 15 வருஷம் எஸ்.டி.டி. ஐ.எஸ்.டி. பூத் வச்சிருந்தோம். நாள் முழுக்க அந்த சத்தத்தோட தான் குடும்பம் நடந்துச்சு.

எங்க ஏரியால பாதி வீட்ல யாராவது ஒருத்தர் பிரான்ஸ்ல இருப்பாங்க. 0033 போட்டு தான் பேசுவாங்க. ராத்திரி சார்ஜ் கம்மியாகுற நேரம் பாத்து வாசல்ல க்யூ நிக்கும். நம்ம ஊருக்கு அடிச்சா ட்ரிங் ட்ரிங், கொஞ்சம் சும்மா, மறுபடி ட்ரிங் ட்ரிங்னு ரெட்டையா கேக்கும்ல? பிரான்ஸுக்கு அடிச்சா அப்படி வராது. ஒரே ஒரு நீள டூஊஊ, அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இருக்காது, அப்புறம் மறுபடி ஒத்த டூஊஊ. புதுசா வர்ற வயசானவங்க அத கேட்டுட்டு எங்கேஜ்னு நெனச்சு படக்குன்னு வச்சுடுவாங்க. அங்க அந்த புள்ள போன் எடுக்க ஓடி வந்துகிட்டு இருக்கும்! நான் கண்ணாடிய தட்டி "ஆயா வைக்காத, அடிக்குது, அந்த ஊரு மணி அப்படித்தான்"னு கத்துவேன். ஒரு ஆயா வாராவாரம் வரும், முதல் மூணு வாரம் நான் தான் ரிசீவர அது காதுல புடிச்சுகிட்டு நிப்பேன், மகன் குரல் வர்ற வரைக்கும்.

எங்கேஜுலயும் ரெண்டு விதம். டூ... டூ... டூ...ன்னு நிதானமா வந்தா அந்த வீட்ல பேசிகிட்டு இருக்காங்க, கொஞ்ச நேரம் கழிச்சு போடலாம். டுடுடுடுன்னு வேகமா வந்தா நடுவுல லைன் இல்ல, உடனே திரும்பத் திரும்ப போட்டுகிட்டே இருக்கணும், எப்பயாவது ஒரு சந்து கெடைக்கும். இது தெரியாத பூத்காரங்க கஸ்டமர திருப்பி அனுப்பிடுவாங்க.


ஈ.சி.ஈ. 2009:

அக்கா, நூத்துக்கு நூறு சரி. நீங்க காதால கண்டுபிடிச்சது தான் ஸ்டாண்டர்டே. எங்கேஜ் டோன் முக்கால் செகண்ட் சத்தம், முக்கால் செகண்ட் சும்மா. லைன் நெரிசல்னா கால் செகண்ட் கால் செகண்டா வரும். பிரான்ஸ் மணி ஒன்றரை செகண்ட் அடிச்சு மூன்றரை செகண்ட் நிக்கும். நம்ம ரெட்டை மணியோட தாளம் இங்கிலாந்து பழக்கத்துல இருந்து வந்தது, அங்கயும் அதே மாதிரி ரெட்டை தான். அந்த மணிச் சத்தம் நம்ம எக்ஸ்சேஞ்ச் போடுறது இல்ல, எந்த ஊர்ல மணி அடிக்குதோ அந்த ஊர் எக்ஸ்சேஞ்ச் போடுறது, அதனால தான் பூத்ல நின்ன ஆயாவுக்கு பிரான்ஸ் டூஊஊ கேட்டுச்சு.


பாகூர் ஏரிக்கரை:

போன் லைன் வழியா கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் போட்ட மோடம் காலத்த யாரும் சொல்லலையே. வெளிநாட்டு மோடம் வாங்கிட்டு வந்து சொருவுனா "நோ டயல்டோன்"னு சொல்லிட்டு நின்னுடும். போன எடுத்து காதுல வச்சா டோன் நல்லா கொர்ர்னு வருது! மோடம் எதிர்பாத்தது 350ம் 440ம், நம்மது 400, அதுக்கு இது டோன்னே தெரியல. ஏ.டி.எக்ஸ்.3ன்னு ஒரு கமாண்ட் எழுதி "டோனுக்கு காத்திருக்காத, நேரா போடு"ன்னு சொன்னா தான் வேலை செய்யும். அத ஒரு துண்டு சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டி வச்சிருந்தேன். மாமா பையன் வீடு, பக்கத்து வீடு, எல்லாருக்கும் போய் நான் தான் போட்டு குடுத்தேன்.

அப்புறம் டயல் பூட்டு! நம்பர் ஓட்டைல சின்ன பூட்டு போட்டு சாவிய தாத்தா இடுப்புல சொருவிக்குவாரு. நாங்க கொக்கிய தட்டியே நம்பர் போடுவோம், 4ன்னா நாலு தட்டு, 0ன்னா பத்து தட்டு. டோன் நின்னுச்சுன்னா நம்ம முதல் தட்டு எக்ஸ்சேஞ்சுக்கு போய் சேந்துடுச்சுன்னு அர்த்தம்.


செம்மண்டலத்தான் (கடலூர்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விஷயம் இருக்கும்னு நெனைக்கவே இல்ல. எல்லாத்தையும் அப்பாவுக்கு படிச்சு காட்டுனேன், பழைய எம்.டி.எஃப் ஐயா எழுதுனத ரெண்டு தடவை படிக்க சொன்னாரு. அவருக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, மொபைல்ல ஏன் டோன் இல்ல? ரெண்டாவது, தானே புயல் அன்னிக்கி, 2011 டிசம்பர் 30, கரண்ட் போயி நாள்கணக்குல வரல, மொபைல்ல சிக்னலே இல்ல, ஆனா எங்க தெருவுல எங்க வீட்டு போன் மட்டும் டோன் இருந்துச்சு. எங்க வீட்டுக்கு கேபிள் மண்ணுக்கடியில வந்ததால பொழச்சுதுன்னு சொன்னாங்க. முந்திரித் தோப்பு வச்சிருந்த பெரியப்பா வந்து பண்ருட்டி பக்கம் ஒரு மரம் நிக்கலன்னு பம்பாய்ல இருக்குற மகனுக்கு எங்க வீட்ல இருந்து தான் சொன்னாரு, நின்னுகிட்டே அழுதாரு. அப்பா இத்தன வருஷமா காலைல டோன் கேக்குறது அதுக்கப்புறம் தான் கூடுச்சுன்னு அம்மா சொல்றாங்க. இப்ப இந்த பெட்டில புயல் வந்தா டோன் இருக்குமான்னு கேக்குறாரு.


பழைய எம்.டி.எஃப்:

மொபைல்ல நீங்க முழு நம்பரையும் முதல்ல உங்க கைல இருக்குற போன்லயே எழுதி வச்சுடுறீங்க. பச்சை பட்டன அமுத்துனா தான் மொத்தமா ஒரே கடிதமா டவருக்கு போகுது. ஒவ்வொரு இலக்கமா வாங்கிக்க அங்க யாரும் காது குடுத்து உக்காந்திருக்க வேண்டியதில்ல, அதனால "சொல்லு"ன்னு சொல்றதுக்கும் யாரும் வேணாம்.

இன்னொண்ணும் அப்பாகிட்ட சொல்லுங்க, ரிசீவர எடுத்து வச்சு நம்பர் போடாம ரொம்ப நேரம் விட்டா டோன் நின்னு வேற சத்தம் வரும். ஒதுக்குன மெஷின எக்ஸ்சேஞ்ச் திருப்பி வாங்கிக்கும், அடுத்தவருக்கு வேணும்ல.

தானே அன்னிக்கி உங்க வீட்டு டோனுக்கு கரண்ட் உங்க வீட்ல இருந்து வரல. எக்ஸ்சேஞ்ச் பேட்டரி ரூம்ல இருந்து அந்த செம்பு ஒயர் வழியா வந்தது. ஆள் உயரத்துக்கு செல் வரிசையா நிக்கும், அது இறங்குச்சுன்னா டீசல் ஜெனரேட்டர். ஊரே இருட்டா இருந்தாலும் அந்த 48 வோல்ட்ட விடக்கூடாது, அது தான் எங்களுக்கு முதல் வேலை. உங்க புது பெட்டி உங்க வீட்டு ப்ளக்குல ஓடுது. கரண்ட் போனா அதோட போச்சு. அப்பாவுக்காக ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கி வைங்க, ரௌட்டருக்கு போடுறது, 12 வோல்ட்.


செம்மண்டலத்தான் (கடலூர்):

ஐயா, நேத்து ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் உக்காந்து ஒரு சோதனை பண்ணோம். அப்பா ரிசீவர காதுல வச்சுகிட்டாரு, டோன் ஓடுது. நான் பெட்டிக்கு பின்னாடி ஃபைபர மெதுவா உருவுனேன். முன்னாடி சிவப்பு லைட் மின்ன ஆரம்பிச்சுடுச்சு, வெளி உலகத்தோட தொடர்பே இல்ல. "என்ன கேக்குது"ன்னு கேட்டேன். "அப்படியேதான் கேக்குது"ன்னாரு. டோன் அசையவே இல்ல! வச்சுட்டு ஒரு ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி எடுத்தப்ப தான் ஒண்ணும் கேக்கல. அப்பா கொஞ்ச நேரம் பெட்டியவே பாத்துகிட்டு இருந்தாரு. "அப்ப காலைல நான் கேக்குறது இந்த பெட்டியத்தானா, மஞ்சக்குப்பம் எக்ஸ்சேஞ்ச இல்ல"ன்னாரு.

கஸ்டமர் கேர்ல பேசி நாட்டு செட்டிங்க மாத்த சொல்லிட்டேன், இன்னிக்கி மத்தியானம் கொர்ர்னு வந்துடுச்சு. யூ.பி.எஸ். ஆர்டர் போட்டாச்சு. இன்னிக்கி காலைல அப்பா போன எடுத்து டோன் கேட்டுட்டு வைக்கல, மஞ்சக்குப்பத்துல என் ஃப்ரெண்டோட அப்பா நம்பருக்கு போட்டாரு, மணி அடிக்குற வரைக்கும் கேட்டாரு, அவரு எடுத்ததும் "லைன் இருக்கான்னு பாத்தேன்பா"ன்னு சொல்லி அரை மணி நேரம் பேசிகிட்டு இருந்தாரு. அம்மாகிட்ட வந்து "லைன் இருக்கு"ன்னாரு.